மூடிய ஆலைகளின் மோட்டார் சைக்கிள்கள்

1955-க்கும் 1983-க்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனின் பெரிய மோட்டார் சைக்கிள் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஸ்டீவனேஜில் இருந்த வின்சென்ட் 1955-லேயே உற்பத்தியை நிறுத்தியது. ஏ.ஜே.எஸ்., மேட்ச்லெஸ், நார்ட்டன் ஆகிய பெயர்களைக் கையில் வைத்திருந்த லண்டன் நிறுவனம் 1966-ல் நொடித்தது. வெலோசெட் 1971-ல் போனது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் என்று பெயரெடுத்திருந்த பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. 1973-ல் சரிந்தது. கடைசியாக, தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்திவந்த மெரிடன் ட்ரையம்ப் ஆலைக்கு 1983-ல் பூட்டு விழுந்தது. இன்றைக்கு ட்ரையம்ப் என்ற பெயரில் விற்கும் வண்டிகள் அதன்பின் ஹிங்க்லியில் புதிதாக எழுந்த நிறுவனத்தினுடையவை.

ஆலைகள் போனாலும் அவற்றின் வண்டிகள் ஓடுவது நிற்கவில்லை. பழையதைச் சீராக்கி ஓட்டுகிறார்கள் என்பதோடு கதை முடிவதுமில்லை. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளில் அந்த வண்டிகள் இன்றும் புதிதாகக் கட்டப்படுகின்றன. சில, அசல் ஆலை கட்டியதைவிட நேர்த்தியாக.

இது சாத்தியமாவதற்கு முதற்காரணம் அவற்றின் அமைப்பு. பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்த தமிழ்நாட்டு மெக்கானிக்குக் குறிப்பு போதும்: என்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, இரண்டையும் இணைப்பது ஒரு சங்கிலி, அதை மூடுவது ஓர் அலுமினிய உறை. ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைக் கழற்றலாம். 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. இன்னொரு காரணம், எந்த நிறுவனமும் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. கார்புரேட்டர் அமல், மின்சாதனங்கள் லூகாஸ், மீட்டர் ஸ்மித்ஸ், சங்கிலி ரெனால்ட் என்று போட்டி நிறுவனங்கள் எல்லாமே ஒரே கடைகளில்தான் வாங்கின. ஆகவே ஒரு வண்டிக்காக மறுபடி வார்க்கப்படும் பாகம் இன்னும் நான்கு வண்டிகளுக்கு ஆகும். அமல் கார்புரேட்டர் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது.

ராயல் என்ஃபீல்டின் கதை மட்டும் வேறு. 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிக்க ஏற்பாடாகி, திருவொற்றியூர் ஆலை வளர்ந்தது. ரெடிச்சில் இருந்த தாய் ஆலை 1967-ல் மூடப்பட்டது. பிரிட்டனில் மிஞ்சிய உற்பத்தியும் 1970-ல் முடிந்தது. சென்னையில் மட்டும் அதே வடிவம் தொடர்ந்து, 1977 முதல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆனது. மற்ற நிறுவனங்களின் ரசிகர்கள் உதிரிபாகத்துக்காகப் பட்டறை பட்டறையாக அலைந்த காலத்தில், புல்லட்காரர்களுக்கு மட்டும் அவை கப்பலில் வந்து இறங்கின.

மற்றவற்றைக் காப்பாற்றியவை பெரும்பாலும் சங்கங்கள்தாம். வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் 1946-லேயே தொடங்கிவிட்டது. மூடிய ஆலைகளின் பதிவேடுகள் பல இத்தகைய சங்கங்களிடம் இருக்கின்றன. எந்த எண் கொண்ட என்ஜின் எந்தச் சட்டத்தில் ஏறி எந்த விற்பனையாளருக்குப் போனது என்று அவற்றிலிருந்து சொல்ல முடியும். வின்சென்ட் உரிமையாளர் சங்கம் ஒருபடி மேலே போய், உதிரிபாகம் செய்து விற்கத் தனி நிறுவனமே ஏற்படுத்திக்கொண்டது.

பட்டறைக்கு வண்டி வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, இது எதற்காக என்பதுதான். காட்சிக்கு வைக்கும் வண்டியில் நட்டின் முலாம்கூட அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். சாலையில் ஓட்டுவதற்கென்றால் பிரேக்கும் விளக்கும் இன்றைய போக்குவரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். பந்தயத்துக்கென்றால் தோற்றம் பழையதாக இருந்தால் போதும், உள்ளே இருப்பது உடையாமல் தாங்க வேண்டும். ஒரே வண்டியை இந்த மூன்றுக்கும் ஏற்றதாக்க முயல்பவர்கள் பணத்தையும் வண்டியையும் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

அடுத்து எண்களைப் பார்ப்பார்கள். சட்டத்தில் ஓர் எண், என்ஜினில் ஓர் எண். இரண்டும் ஆலையில் ஒன்றாகப் புறப்பட்டவை என்றால் வண்டியின் மதிப்பு எகிறும். எகிறுவதால் போலியும் வரும். பழைய எண்ணை அராவிவிட்டு வேறு எண்ணை அடிப்பது பழைய தந்திரம். இதைத் தடுக்கவே ட்ரையம்ப் 1960-களின் இறுதியில் என்ஜின் எண் அடிக்கும் இடத்தில் நிறுவனத்தின் சின்னத்தைச் சிறு சிறு முத்திரைகளாக நிரப்பி, அதன்மேல் எண்ணை அடிக்கத் தொடங்கியது. அரம் பட்டிருந்தால் சின்னங்கள் அழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த வசதி இல்லை; எழுத்தின் வடிவம், ஆழம், வார்ப்பின் சொரசொரப்பு ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பிரிக்கத் தொடங்கினால் முதல் தடை ஸ்பானர். இந்த வண்டிகளின் நட்டு போல்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் செய்யப்பட்டவை அல்ல. ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த அளவுமுறையும், அதற்குப் பின் வந்த நுண்மரை அளவுகளும், சைக்கிள் தொழிலுக்கென்று அங்குலத்துக்கு 26 மரை கொண்ட தனி முறையும் ஒரே வண்டியில் கலந்து கிடக்கும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பானர் என்றால் அதன் வாய் கால் அங்குலம் என்று பொருளல்ல. கால் அங்குல போல்டின் தலைக்குப் பொருந்துவது என்று பொருள். வாயின் அகலம் ஏறத்தாழ 13.3 மி.மீ. கையிலிருக்கும் 13-ஆம் நம்பர் ஸ்பானர் அதில் ஏறாது; 14-ஆம் நம்பர் ஏறும், ஆனால் வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் காணும் உருண்டுபோன நட்டுகளில் பெரும்பங்கு இந்த 14-ஆம் நம்பரின் கைங்கரியம்.

என்ஜினைப் பிரிப்பதில் எந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும் என்பதற்கு ட்ரையம்பின் இரட்டை சிலிண்டர் கிராங்க் நல்ல எடுத்துக்காட்டு. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-ல் வெளிவந்த ஸ்பீட் ட்வின்தான் இந்தக் குடும்பத்தின் தாய். 1959-ல் வந்த 650 சி.சி. போனவில் அதன் புகழ்பெற்ற பிள்ளை. இந்த என்ஜின்களில் இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது; கண்ணி வலைகள் மட்டுமே. வலையைத் தாண்டிப் போகும் அழுக்கைப் பிடிக்க வேறொரு வழி செய்திருந்தார்கள். கிராங்கின் பிக் எண்ட் பகுதியைக் குடைந்து, உள்ளே ஒரு குழாயைச் செருகியிருந்தார்கள். ஆயில் அதன் வழியாகப் போகும்போது, கிராங்க் சுழலும் வேகத்தில் கனமான துகள்கள் வெளிப்பக்கம் வீசப்பட்டுக் குழாயில் படிந்துவிடும். தெளிந்த ஆயில் பேரிங்குக்குப் போகும்.

சிக்கனமான, அழகான யோசனைதான். ஆனால் குழாய் நிரம்பிவிட்டால் அதைச் சுத்தம் செய்ய முழு என்ஜினையும் பிரித்தாக வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் அந்த அழுக்கு களிமண் போல் இறுகியிருக்கும். பேரிங்குக்கு ஆயில் போகாது. கனெக்டிங் ராடு சூடேறிப் பிடித்து, உடைந்து, என்ஜின் உறையையே பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். குழாயை எடுப்பதும் எளிதல்ல. அதை மூடியிருக்கும் திருகு கழன்றுவிடாமல் இருக்க ஆலையிலேயே அதன் ஓரத்தைக் குத்தி நசுக்கியிருப்பார்கள். அந்தக் குத்தை முதலில் துளையிட்டு நீக்க வேண்டும். பிறகு சூடுகாட்டி, பெரிய திருப்புளி போட்டுத் திருப்ப வேண்டும். திருகு வந்தாலும் குழாய் வராது, ஏனென்றால் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் போல்டுகளில் ஒன்றின் முனை குழாய்க்குள் நுழைந்து அதைப் பூட்டி வைத்திருக்கும். அந்த போல்டையும் எடுத்த பிறகே குழாய் அசையும். புதிய பிஸ்டன், பளபளக்கும் பெயிண்ட், புது குரோம் எல்லாம் போட்டு விற்பனைக்கு வரும் வண்டிகளில் இந்தக் குழாயைத் தொடாமலே விட்டவை ஏராளம். வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது அல்லவா!

இந்த வண்டிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கேலி, நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டும் என்பது. பழியைக் கேஸ்கட் மேல் போடுவார்கள், பாதிதான் சரி. ட்ரையம்ப் இரட்டை என்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். 650 சி.சி. என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் அடியிலுள்ள உறைக்குள் அவ்வளவு காற்றையும் அழுத்திவிட்டு மறுபடி இழுக்கிறது. அந்தக் காற்று வெளியேற வைத்த மூச்சுத்துளை அடைத்தாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து மேலிருந்து புகை இறங்கினாலோ, அழுத்தம் கண்ட கண்ட இணைப்பு வழியாக ஆயிலைத் தள்ளும். உறை நெட்டுக்குத்தாகப் பிளந்து இணைக்கப்பட்டது என்பதால் இணைப்பு அடிவரை போகிறது. அக்கறையான பட்டறை இணைப்பு முகங்களைத் தட்டையான கண்ணாடிப் பலகையில் தேய்த்துச் சமப்படுத்தும், மூச்சு வழியைச் சரிசெய்யும், புஷ்ராட் குழாய்களின் ரப்பர் வளையங்கள் எவ்வளவு நசுங்குகின்றன என்று அளந்து போடும். இப்படிக் கட்டிய என்ஜின் சொட்டுவதில்லை. ஆலையில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்தே ஏறி இறங்கும் பிஸ்டன்கள் அதிர்வையும் தருகின்றன. கிராங்கில் எதிர் எடை வைத்து அதில் ஒரு பகுதியைச் சமன்செய்யலாம். முழுவதும் முடியாது, மேலும் கீழுமாக இருக்கும் குலுக்கலைக் குறைத்தால் அது முன்னும் பின்னுமாகத் திரும்பும். எத்தனை சதவீதம் சமன்செய்வது என்பது சட்டத்தையும் என்ஜின் வழக்கமாகச் சுழலும் வேகத்தையும் பொறுத்தது. அதனால்தான் ஒரு சட்டத்தில் பட்டுப்போல் ஓடிய என்ஜின் வேறொன்றில் ஏறியதும் கைப்பிடியை மரத்துப்போக வைக்கிறது. நார்ட்டன் நிறுவனம் 1967-ல் கமாண்டோ வண்டியில் என்ஜினையே ரப்பர் தாங்கிகளில் மிதக்கவிட்டு இந்தப் பிரச்சினையைச் சுற்றிப் போனது.

மின்பொறிக்கு வருவோம். பேட்டரி செத்தாலும் வண்டி ஓடக் காரணமான மேக்னெட்டோ, பழைய மெக்கானிக்குகள் மெச்சிய பொருள். அதற்குள் சுழலும் ஆர்மெச்சரில் தலைமயிர்போல் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டு, அரக்கு பூசப்பட்டிருக்கும். வயதாக ஆக அரக்கு சூட்டில் இளகிக் கசியும். உள்ளே பொதிந்த கண்டென்சர் வலுவிழக்கும். அறிகுறி எப்போதும் ஒன்றே: காலையில் ஒரே உதையில் கிளம்பும், பதினைந்து மைல் போனதும் நின்றுவிடும், ஆறியதும் மறுபடி கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை. புதிதாகக் கம்பி சுற்றி, நவீன கண்டென்சர் வைத்து, காந்தத்துக்கு மறுபடி காந்தமேற்றினால் அது இன்னொரு தலைமுறைக்கு ஓடும். இதை மட்டுமே செய்து பிழைக்கும் பட்டறைகள் பிரிட்டனில் உண்டு.

சக்கரத்தில் புது ரிம் போட்டு, ஸ்போக் கோத்து, கோட்டம் எடுப்பது நம் சைக்கிள் கடைக்காரர் செய்யும் அதே வேலைதான். எடை மட்டும் அதிகம். பெட்ரோல் டேங்கில் பொன்னிறக் கோடு இழுப்பவர்கள் இன்றும் நீளமயிர்த் தூரிகையால் கையாலேயே இழுக்கிறார்கள். டேங்கின் உட்புறம் இப்போது வேறொரு தொல்லை: பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ஃபைபர் டேங்குகளையும், துருவை மறைக்க உள்ளே பூசிய பசையையும் கரைத்துக் கார்புரேட்டருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

கையால் கட்டும் வண்டிகளில் பெரும்புகழ் பெற்றது எந்த ஆலையும் தயாரிக்காத ட்ரைட்டன். ட்ரையம்பின் என்ஜின் நல்லது, சட்டம் சுமார். நார்ட்டனிடம் அந்தக் காலத்தின் மிகச்சிறந்த சட்டம் இருந்தது: பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்து 1950-ல் பந்தயத்துக்கு வந்த ஃபெதர்பெட். வளைத்த இரு குழாய் வளையங்களால் ஆன எளிய வடிவம்; அந்த ஆண்டே ஜெஃப் டியூக் அதில் மான் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றார். பந்தயச் சட்டங்கள் ரெனால்ட்ஸ் 531 என்ற உறுதியான மெல்லிய எஃகுக் குழாயால் ஆனவை. அதிகச் சூடு பட்டால் அந்த எஃகு வலுவிழக்கும் என்பதால் வெண்கலக் கம்பி உருக்கிப் பற்றவைத்தார்கள். அதே காலத்தில் 500 சி.சி. சிறு பந்தயக் கார்கள் கட்டியவர்களுக்கு நார்ட்டன் மேங்ஸ் என்ஜின் தேவைப்பட்டது. நார்ட்டன் என்ஜினை மட்டும் தனியாக விற்க மறுத்ததால், அவர்கள் முழு வண்டியை வாங்கி என்ஜினை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய அருமையான சட்டங்களில் ட்ரையம்ப் என்ஜின்கள் ஏறின.

ஏற்றுவது என்றால் துளை போட்டு மாட்டுவது அல்ல. கால் அங்குலத்துக்கு மேல் தடித்த அலுமினியக் கலவைத் தகட்டை அறுத்து, என்ஜினைத் தாங்கும் தட்டுகள் செய்ய வேண்டும். என்ஜின் எவ்வளவு முன்னால், எவ்வளவு தாழ்வாக உட்காருகிறது என்பதில்தான் வளைவில் முன்சக்கரத்தின் பிடிப்பு அடங்கியிருக்கிறது. ட்ரையம்ப் என்ஜினின் பல்சக்கரமும் நார்ட்டன் கியர்பாக்ஸின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் சங்கிலி சில நூறு மைல்களில் தேய்ந்துவிடும். லண்டன் வடக்குச் சுற்றுச்சாலையின் ஏஸ் கஃபேயில் கூடிய இளைஞர்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டிய ட்ரைட்டன்களில் பல, உண்மையைச் சொன்னால், ஆபத்தானவை. ஆனால் டேவ் டேகன்ஸ் தம் டிரெஸ்டா பட்டறையில் கட்டிய ட்ரைட்டன் 1965-ல் பார்சலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. ஓட்டியவர்களில் அவரும் ஒருவர்.

வின்சென்ட்டுக்கும் இதுபோல் ஒரு மறுபிறவி உண்டு. அதன் 998 சி.சி. இரட்டை என்ஜினின் வேகத்துக்குச் சான்று, 1948-ல் அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில் ரோலி ஃப்ரீ நீச்சலுடையோடு வண்டியின்மேல் குப்புறப்படுத்து மணிக்கு 150 மைலைத் தாண்டியது. பழைய வின்சென்ட்டில் வழக்கமான சட்டமே கிடையாது. என்ஜினே முதுகெலும்பு, அதன்மேல் ஓர் ஆயில் தொட்டி, முன்னும் பின்னும் சக்கரங்கள். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் எக்லி 1967-ல் தடித்த ஒற்றைக் குழாயை மையமாகக் கொண்டு அதற்கொரு சட்டம் செய்தார். அடுத்த ஆண்டே சுவிஸ் மலையேற்றப் பந்தயப் பட்டத்தையும் பெற்றார். என்ஜின் தயாரித்த ஆலை மூடிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து!

பந்தயத்துக்கு வந்தால் பேச்சு நார்ட்டன் மேங்ஸில்தான் நிற்கும். ஒற்றை சிலிண்டர், 500 சி.சி., தலைக்கு மேல் இரண்டு கேம்கள். கீழிருந்து கேம்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது நெட்டுக்குத்தான ஒரு தண்டும் அதன் இருமுனைகளிலும் உள்ள கூம்புப் பல்சக்கரங்களும். இந்தப் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கமாகக் கடிக்கின்றன என்பதை மெல்லிய தகட்டு வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்வார்கள். இறுக்கமாக இருந்தால் சூட்டில் பிடிக்கும்; தளர்வாக இருந்தால் வால்வு திறக்கும் நேரம் அலைபாயும். வால்வு ஸ்பிரிங்குகள் கொண்டை ஊசி வடிவில் காற்றில் திறந்தே கிடப்பதால் ஓட்டுபவரின் முழங்கால்வரை ஆயில் தெறிக்கும். 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இந்த வண்டி 1969-ல்கூட யூகோஸ்லாவியா கிராண்ட் பிரியை வென்றது.

இன்று மேங்ஸ் என்ஜினின் ஒவ்வொரு பாகமும் புதிதாகச் செய்து கிடைக்கிறது. கணினி லேத்தில் கடைந்த கிராங்க், நல்ல எஃகில் செய்த கனெக்டிங் ராடு, மறுபடி வார்த்த உறை. அசல் என்ஜினைவிட இவை கூடுதல் சக்தி தரும், அடிக்கடி உடையாது. பழைய பந்தயக்காரர்களில் சிலர் இன்றும் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயிலையே ஊற்றுகிறார்கள். நம் வீட்டு விளக்கெண்ணெயின் உறவான அது மிகுந்த சூட்டிலும் உலோகத்தைவிட்டு விலகாது. ஆனால் பந்தயம் முடிந்ததும் வடிக்காவிட்டால் பசையாக இறுகிவிடும்.

இந்த வண்டிகள் ஓடும் களங்களில் கவர்ச்சி மிகுந்தது குட்வுட் ரிவைவல். 1998-ல் தொடங்கிய இதில் பார்வையாளர்களும் அந்தக் கால உடையில் வருவார்கள். இரு முறை உலக சாம்பியனான பாரி ஷீன் 2002-ல் அங்கே மேங்ஸ் ஓட்டி வென்றார். அடுத்த ஆண்டு புற்றுநோயில் இறந்தார். இப்போது அங்கே அவர் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது. கடினமானது மான் தீவு: ஒரு சுற்று 37.73 மைல், பொதுச்சாலை, இருபுறமும் கல்சுவர்.

பொதுவாக இத்தகைய பந்தயங்களில் பரிசோதகர் பார்ப்பது வடிவமைப்பைத்தான். அந்த ஆண்டில் இருந்த வகை பிரேக்கா, அந்த ஆண்டின் அளவா, அந்த ஆண்டின் சட்டமா என்பதே கேள்வி. உலோகம் நேற்று வார்த்ததாக இருந்தாலும் கவலையில்லை. சாலைக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. பல வண்டிகளின் உதிரிகளிலிருந்து ஒன்றைக் கட்டியவர் அதற்குப் பழைய ஆண்டின் பதிவெண் கேட்டால், பாகங்கள் யாவும் 25 ஆண்டுக்கு மேற்பட்ட அசலாக இருக்க வேண்டும் என்றும், அதை உரிய உரிமையாளர் சங்கம் சான்றளிக்க வேண்டும் என்றும் பிரிட்டிஷ் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் விதி வைத்திருந்தது. புதுப் பாகம் கலந்தவற்றுக்கு வயது தெரியாத வண்டிகளுக்கான ‘க்யூ’ எழுத்துப் பதிவெண்தான் கிடைத்தது. ஆகவே முழுக்கப் புதிதாகக் கட்டிய மேங்ஸ் பந்தயக் களத்தில் 1962-ஆம் ஆண்டு வண்டியாக ஏற்கப்பட்டு, பதிவு அலுவலகத்தில் வயதற்ற வண்டியாக நின்றது. துருப்பிடித்த பாகங்களைக் கொண்டு தட்டித் தட்டி நிமிர்த்திய சாதாரண வண்டிக்கோ பழைய ஆண்டின் எண் கிடைத்தது. வாங்குபவர்களும் அந்த எண்ணுக்கே கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பதால், பட்டறைகள் இன்று வெடித்த பழைய என்ஜின் உறையையும் தூக்கிப் போடுவதில்லை. எண் அடித்த அந்தத் துண்டைப் பற்றவைத்துக் காப்பாற்றிவிட்டு, மற்றதையெல்லாம் மாற்றுகிறார்கள்.